கறளும் காப்பும்

பொருள்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்வி தத்துவவாதிகளுக்கு மட்டும் உரியதன்று. உப்புக்காற்று வீசும் ஒரு தீபகற்பத்தில் வாழ்பவன் அக்கேள்வியை நாள்தோறும் எதிர்கொள்கிறான். கிணற்றுக் கப்பியின் அச்சு, துவிச்சக்கரவண்டியின் சங்கிலி, யன்னற் கம்பி, படலையின் பிணைச்சல் ஆகிய யாவும் அவன் கண்முன்னே பழுப்பேறி, பொருக்கு விட்டு, உதிர்ந்துகொண்டிருக்கின்றன. தமிழகத்தார் 'துரு' என்பதை நாம் 'கறள்' என்கிறோம். பெயர் எதுவாயினும், அதைப்பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணம் ஒன்றுதான்: அது இரும்பின் தலைவிதி. இந்த எண்ணம் சரியானதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

என்னை இவ்வாறு சிந்திக்கத் தூண்டியது எங்கள் வீட்டிலுள்ள ஒரு பழைய கிற்றார். என் தாய்மாமனார் கொழும்பில் எழுதுவினைஞராகப் பணியாற்றிய காலத்தில், எழுபதுகளின் தொடக்கத்தில், ஒருவர் வாசித்துக் கழித்ததைக் குறைந்த விலைக்கு வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார். நித்தி கனகரத்தினத்தின் பொப்பிசைப் பாடல்கள் யாழ்ப்பாணத்து இளைஞரின் வாயிலே புழங்கிய காலம் அது. வீணையும் நாதசுவரமும் கேட்டுப் பழகிய கொக்குவில் வீடொன்றில் அந்த மேனாட்டு வாத்தியம் முதலில் ஏளனத்துக்கு ஆளாகி, பின்னர் மெல்ல மெல்ல வீட்டுப்பிள்ளையாயிற்று. மாமா வாசிப்பார், ஊர்ப்பிள்ளைகள் திண்ணையில் கூடுவார்கள்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்த அந்த இரவில், நாங்களும் நடந்தோம். எனக்கு அப்போது ஆறு வயது. கையில் எடுக்கக்கூடியவற்றுள் கிற்றாருக்கு இடம் இருக்கவில்லை. பெட்டியோடு அலுமாரியின் மேல் விடப்பட்டது. அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் திரும்பி வந்தபோது கூரை ஓடுகள் உடைந்திருந்தன. மாரிமழை முழுவதும் வீட்டுக்குள் பெய்திருந்தது. பெட்டியைத் திறந்த மாமா நெடுநேரம் பேசவில்லை. ஆறு தந்திகளில் நான்கு அறுந்து சுருண்டு கிடந்தன. தந்திகளை அடியிலே பிடித்து நிற்கும் உலோகத் தகடு செம்மண் பூசியதுபோல் இருந்தது. மெட்டுகளில் பச்சைக் களிம்பு. முறுக்காணிகள் திரும்ப மறுத்தன.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த முறுக்காணிகளை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது, சைவசித்தாந்தத்தில் ஆழ்ந்த புலமையுடைய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, செம்புக்குக் களிம்பு, இரும்புக்குக் கறள். கூடப் பிறந்தது. உதை ஆர் மாத்த ஏலும்?" என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை. வயதுக்கு அளிக்கும் மரியாதை ஒரு காரணம். உடனே சொல்ல விடை இல்லாமை மற்றொரு காரணம்.

அவர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சன்று. ஆணவ மலம் உயிரோடு அநாதியாகவே கூடியிருப்பது என்பதை விளக்கச் சித்தாந்திகள் எடுத்தாளும் உவமைகளுள் செம்பிற் களிம்பு புகழ்பெற்றது. நெல்லுக்கு உமி போலவும் செம்புக்குக் களிம்பு போலவும் உயிருக்கு மலம் உடன்பிறந்தது என்பர். பௌத்தத்தின் தம்மபதத்திலும் இரும்பும் துருவும் உவமையாக வருகின்றன. அங்கும் துரு இரும்பிலிருந்தே பிறப்பதாகவே கொள்ளப்படுகிறது. இந்நாட்டின் இருபெரும் சமய மரபுகளும் உலோகத்தின் அழிவை உலோகத்தின் உள்ளேயே கண்டிருக்கின்றன.

ஆனால் எங்கள் பாடசாலை ஆய்வுகூடங்களில் ஆண்டுதோறும் செய்யப்படும் ஒரு எளிய பரிசோதனை வேறு கதை சொல்கிறது. சில சோதனைக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பாணி. ஒன்றில் ஈரத்தை உறிஞ்சும் கல்சியம் குளோரைட்டை இட்டு வாயை அடைக்கிறோம்: உள்ளே வளி உண்டு, ஈரம் இல்லை. இன்னொன்றில் கொதிக்கவைத்து வளி நீக்கிய நீரை ஊற்றி, மேலே எண்ணெய்ப் படலம் இடுகிறோம்: நீர் உண்டு, ஒட்சிசன் இல்லை. மூன்றாவதில் சாதாரண நீர், நான்காவதில் உப்புநீர். சில நாள்களின் பின் பார்த்தால் முதலிரண்டு ஆணிகளும் வைத்தபடியே இருக்கின்றன. மூன்றாவது கறள் பிடித்திருக்கிறது. நான்காவது அதிலும் விரைவாகக் கெட்டிருக்கிறது. ஆணிகள் நான்கும் ஒரே கடையில் ஒரே பொட்டலத்தில் வாங்கியவை. கறள் ஆணியின் உடன்பிறப்பாயின் நான்கிலும் ஒரே அளவாகத் தோன்றியிருக்க வேண்டுமன்றோ? வேறுபட்டது ஆணியன்று, அது நின்ற நிலை.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. இரும்புக்கு ஒரு சார்பு உண்டு. பூமியில் அது பெரும்பாலும் ஒட்சிசனோடு கூடிய தாதுவாகவே கிடைக்கிறது. மனிதன் நெருப்பினால் அதைப் பிரித்தெடுக்கிறான். இடங்கிடைத்தால் அது மீண்டும் ஒட்சிசனோடு கூட முனைகிறது. இந்தச் சார்பை மறுப்பவன் இரசாயனம் அறியாதவன். ஆனால் சார்பு வேறு, விதி வேறு. தில்லியிலுள்ள இரும்புத்தூண் குப்தர் காலத்தது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அந்த இரும்பிலே பொசுபரசு மிகுந்திருப்பதால் அதன் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகியது என ஆய்வாளர் காட்டியுள்ளனர். அவ்வூர்க் காலநிலையும் அதற்குத் துணைநின்றது. அதே தூணை எங்கள் கடற்கரையில் நட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. உலோகமும் சூழலும் கூடித்தான் வரலாற்றை ஆக்குகின்றன.

நிற்க. எங்கள் சூழல் எப்படிப்பட்டது? ஒருபுறம் கடல், மறுபுறம் கடனீரேரி. சோளகம் வீசுங் காலத்தில் புழுதியோடு உப்பும் வருகிறது. மாரியில் ஈரம் வருகிறது. ஈரப்பதன் நூற்றுக்கு 60 அளவைத் தாண்டும்போது இரும்பு கறள் பிடிக்கும் வேகம் கூர்மையாக ஏறுகிறது. சோடியம் குளோரைட்டு நூற்றுக்கு 75 அளவில் வளியின் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பிலுள்ள மகனீசியம் குளோரைட்டோ நூற்றுக்கு 33 அளவிலேயே அவ்வாறு செய்யும். குசினியில் உப்புச்சாடி கசிவதன் காரணம் இதுவே. கிற்றாரின் ஆணித்தலையில் படிந்த கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகளும் அவ்வாறே தனக்கென ஒரு துளி நீரைத் தேடிக்கொள்கிறது. அந்த உப்புநீர் மின்னைக் கடத்தும். பித்தளைத் தகட்டை உருக்காணி தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், இரண்டு உலோகங்களும் அத்துளியும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகின்றன. உருக்கு கரைகிறது, பித்தளை தப்பிக்கிறது. நிக்கலும் குறோமியமும் பூசிய பாகங்களிலும், பூச்சிலுள்ள ஊசித்துளைகளின் வழியே ஈரம் உட்புகுந்து அடியிலுள்ள உருக்கைத் தின்கிறது. மேலே மினுக்கம், கீழே புற்று.

இவ்வளவும் அறிந்தபின் காக்கும் வழி தானே விளங்கும். வாசித்து முடித்தவுடன் தந்திகளையும் மெட்டுகளையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். விரலின் வியர்வையில் உப்பும் அமிலமும் உண்டு. முறுக்காணிகளின் பற்சக்கரங்களிலும் ஆணித்தலைகளிலும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளியைத் துணியில் ஒற்றி மெல்லிய படலமாகத் தடவலாம், மரத்தில் படலாகாது. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் உதவா. அவை நாளடைவில் காறிப் பிசினாகும். அவற்றின் கொழுப்பமிலம் பித்தளையிலே புதிய பச்சையை உண்டாக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை இட்டு, காலந்தோறும் சூடாக்கி உலர்த்திப் பயன்படுத்தலாம். கறள் பிடித்த தந்தியை மாற்றிவிட வேண்டும். இவற்றில் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. வேண்டியது விடாத கவனம்.

ஆனால் கவனத்தின் பெயரால் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன.

முதலாவது, மினுக்கும் தவறு. எங்கள் வீடுகளில் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பது வழக்கம். பருமனான வார்ப்புப் பித்தளை அதைத் தாங்கும். அதே கையோடு கிற்றாரின் தகட்டைத் தேய்த்தால் கறளோடு நிக்கற் பூச்சும் போய்விடும்; கழுவித் துடைக்காமல் எஞ்சிய புளியமிலம் மறுநாளே மறு கறளை வரவழைக்கும். அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. மூன்றாம் மெட்டில், மாமாவின் விரல் நாற்பது ஆண்டுகள் அழுத்தித் தேய்த்த ஒரு குழி இருக்கிறது. அது கறளன்று, உழைப்பின் தடம். எல்லாவற்றையும் புதிதாக்கிக் காட்ட முனைபவன் அழிவை மட்டுமன்றி வரலாற்றையும் துடைத்தெறிகிறான். கறளாய்ப் போன இரும்பு மீளாது. எஞ்சியதைக் காப்பதே நம்மால் இயல்வது. இழக்கவில்லை என்று நடிப்பது காப்பாகாது.

இரண்டாவது, பூட்டும் தவறு. பாதுகாப்பென்றால் மூடி வைத்தல் என்று நாம் நினைக்கிறோம். பழைய கிற்றார்கள் சிலவற்றில் விரல்நகக் கீறலைத் தடுக்கச் செலுலோயிட்டுத் தகடு பதித்திருப்பார்கள். முதுமையில் அது சிதைந்து அமில ஆவியை வெளிவிடும். காற்றோட்டமில்லாப் பெட்டியில் அந்த ஆவி தங்கி, அருகிலுள்ள உலோகத்தையெல்லாம் அரிக்கும். வெளியுலகம் தொடாதபடி பூட்டிய பெட்டியே உள்ளிருந்து அழிவை வளர்க்கிறது. தூய்மை காக்கிறோம் என்று கதவடைத்த சமூகங்களின் கதையும் ஏறத்தாழ இதுதான்.

இதை நான் உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. முன்னர் நான் கற்பித்த ஒரு பாடசாலையில், வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் அனுப்பிய வாத்தியங்கள் சில வந்திறங்கின: ஊதுகருவிகள், பக்கமேளங்கள், இரண்டு கிற்றார்கள். கரையோரக் கிராமமொன்றின் பிள்ளைகள் ஆவலோடு கூடினர். பொறுப்பாயிருந்த ஒருவர் அவர்களை விலக்கி, "கடற்கரைப் பிள்ளையள், கையெல்லாம் உப்பு வேர்வை, தொட்டாலே கறள் பிடிச்சிடும்" என்று சிரித்தபடி சொல்லி, அலுமாரியைப் பூட்டினார். முன்னே நின்ற சிறுவன் ஒருவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். நான் அங்கே நின்றேன், வாய் திறக்கவில்லை. மூன்று ஆண்டுகளின் பின் ஒரு விழாவுக்காக அலுமாரி திறக்கப்பட்டபோது தந்திகள் பழுப்பாகியிருந்தன. ஊதுகருவிகளின் அடைப்பிதழ்கள் இறுகிப்போயிருந்தன. எந்தப் பிள்ளையின் கையும் அவற்றைத் தொட்டிருக்கவில்லை.

வியர்வையில் உப்பு உண்டு என்பது உண்மை. அந்த உண்மையையே கேடயமாக்கி ஓர் அநீதி நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். உப்பு வியர்வை கரையோரத்தானுக்கு மட்டும் உரியதன்று. பொறுப்பாளரின் கையிலும் அது உண்டு, என் கையிலும் உண்டு. வியர்வைக்கு மருந்து ஒரு முழத் துணி, பூட்டு அன்று. ஆனால் துணியைக் கையிற் கொடுத்தால், 'நீயும் வாசிக்கலாம்' என்று ஒப்புக்கொண்டதாகும். அதனாலேயே பூட்டு தேவைப்பட்டது. தீண்டாமை சில வேளைகளில் இரசாயனத்தின் மொழியையும் பேசக் கற்றுக்கொள்கிறது.

ஆசிரியர் அறைகளில் நாம் கேட்கும் வேறொரு வாக்கியத்தையும் இங்கே நினைவூட்டுகிறேன். "அவன்ரை மூளை கறள் பிடிச்சது, படிப்பு ஏறாது." பிள்ளை விடியற்காலையில் தகப்பனோடு வலை தெரிந்துவிட்டு வருகிறானா, வீட்டில் விளக்கு இருக்கிறதா, சென்ற ஆண்டு எத்தனை மாதம் அவனுக்குக் கணித ஆசிரியரே இருக்கவில்லை என்பவற்றையெல்லாம் விசாரியாமல், குறையை அவனது பிறப்போடு ஒட்டிவிடுகிறோம். ஆய்வுகூடத்தில் நான்கு ஆணிகளை வைத்து நிலையே காரணம் என்று நிறுவும் நாமே, அடுத்த அறையில் உடன்பிறந்த களிம்பைப்பற்றிப் பேசுகிறோம். 'அது அதன் இயல்பு' என்ற வாக்கியம் பெரும்பாலும் அறிவின் முடிவன்று. கடமையிலிருந்து விலகிக்கொள்ள நாம் தேடும் வாயில். சித்தாந்திகளுக்கும் நீதி செய்ய வேண்டும்: மலம் உடன்பிறந்தது என்ற அவர்கள், அதனால் உயிரைக் கைவிட்டுவிடு என்று சொல்லவில்லை. நீக்கத்தின் வழியைத் தேடுவதே அந்தத் தத்துவத்தின் முழு முயற்சியும். உவமையை எடுத்துக்கொண்டு முயற்சியை விட்டுவிட்டவர்கள் நாம்தாம்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அந்த நெருப்புக்கு ஒரு நாள் உண்டு. வைத்த கைகள் உண்டு. ஆகவே நாம் குற்றஞ்சாட்ட முடிகிறது, நினைவுகூர முடிகிறது. கறளுக்கு நாளும் இல்லை, கையும் இல்லை. எவரும் செய்யாதபோது நிகழ்வது அது. செய்த தீமைக்கு நாணும் அளவுக்குச் செய்யாமல் விட்ட நன்மைக்கு நாணுவதற்கு நாம் இன்னும் பழகவில்லை.

அப்படியானால், எங்கள் கிற்றார் 1995வரை கறளின்றி இருந்ததற்கு யார் காரணம்? மாமா நன்றாக வாசித்தார். அதை ஊர் இன்றும் சொல்கிறது. ஆனால் ஒவ்வோர் இரவும் அவர் வாசித்து எழுந்தபின், பழைய வேட்டித் துண்டொன்றால் தந்தி தந்தியாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தவர் மாமி. கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் அப்படிச் செய்தார். அவருக்கு இரசாயனம் தெரியாது. கிற்றாரில் ஒரு மெட்டும் வாசிக்கத் தெரியாது. ஒருநாளும் எவரும் அவரிடம் வாசித்துப் பார் என்று சொன்னதுமில்லை. ஆக்கியவனுக்குப் பெயர் உண்டு, வாசித்தவனுக்குப் புகழ் உண்டு, துடைத்தவளுக்கு ஒன்றுமில்லை.

காப்புக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. 1824இல் சேர் ஹம்ப்றி டேவி, பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் அடியிலுள்ள செம்புத் தகட்டைக் கடல்நீர் அரிக்காமலிருக்க, அதனோடு இரும்பையும் நாகத்தையும் இணைத்துப் பார்த்தார். செம்பு தப்பியது, அதற்குப் பதிலாக மற்ற உலோகங்கள் கரைந்தன. இன்று நாகம் பூசிய வாளியிலும் இதுவே நிகழ்கிறது: பூச்சிலே கீறல் விழுந்தாலும், தான் கரைந்து இரும்பைக் காக்கிறது நாகம். உலோகங்களுக்கிடையே இதில் அநீதி இல்லை. மனிதருக்கிடையே, ஒருவர் மினுங்க இன்னொருவர் ஓசையின்றிக் கரைவது வழக்கமாகி, அந்த வழக்கமும் 'அவளுடைய இயல்பு' என்று பெயர்பெறும்போதே அறக்கேள்வி எழுகிறது. பெண்ணின் பொறுமை, தொழிலாளியின் சகிப்பு என்று நாம் புகழ்வனவற்றுள் எத்தனை, நாகத்தின் வேலையை மனிதர்மேல் சுமத்தியதன் பெயர்கள்?

இங்கே முற்போக்கு நண்பர் ஒருவர் என்னைத் தடுத்துக் கேட்கலாம்: "உயிர்களை இழந்தோம், காணிகளை இழந்தோம், இந்நிலையில் ஒரு பழைய கிற்றாரின் ஆணிகளைப்பற்றிக் கவலைப்படுவது நடுத்தர வர்க்கத்துச் சொகுசல்லவா?" கேள்வி நியாயமானதே. மனிதன் பட்டினி கிடக்கப் பொருளை எண்ணெயிட்டுப் போற்றுவது அறமாகாது. ஆனால் பொருளைப் பேணுவதும் மனிதனைப் பேணுவதும் இருவேறு பழக்கங்கள் என்று நான் நினைக்கவில்லை. உழைப்பால் ஆன பொருளை அலட்சியப்படுத்துபவன் அந்த உழைப்பையும் அலட்சியப்படுத்துகிறான். கெட்டதை எறிந்து புதிதை வாங்கு என்பது சந்தையின் அறம். ஏழைவீட்டின் அறம் அதுவன்று. மேலும், பெரிய அழிவுகளுக்குப் பின் ஒரு சமூகம் தன்னை மீட்டுக்கொள்வது பெரிய பிரகடனங்களால் மட்டுமன்று. கிணற்றை இறைத்து, கூரையை மேய்ந்து, முறுக்காணிக்கு எண்ணெயிட்டு, நாள்தோறும் செய்யும் சிறு வேலைகளாலுந்தான்.

இப்போது நான் கற்பிக்கும் பாடசாலையில், என் வகுப்பறையில், ஒரு கிற்றார் ஆணியில் தொங்குகிறது. அலுமாரி இல்லை, பூட்டு இல்லை. அதன் அருகே இன்னோர் ஆணியில் ஒரு துணி தொங்குகிறது. சட்டம் ஒன்றே: வாசிப்பவனே துடைக்க வேண்டும். ஆணானாலும் பெண்ணானாலும், எக்கரையிலிருந்து வந்தவரானாலும், வாசிக்க உரிமையுள்ள கைக்குத் துடைக்கும் கடமையும் உண்டு. துடைக்கும் கைக்கு வாசிக்கும் உரிமையும் உண்டு. பாதுகாப்பைப்பற்றி நான் கண்ட நீதி இவ்வளவே. தந்திகள் ஆண்டில் இருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

வீட்டிலுள்ள பழைய கிற்றாருக்கு இப்போது புதிய தந்திகள் கட்டியிருக்கிறேன். உட்கார்ந்த கறள் உட்கார்ந்தபடியே இருக்கிறது, மேலும் பரவவில்லை. மாமா இன்று இல்லை. எண்பதைக் கடந்த மாமி, சென்ற வாரம் நான் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், துணியை வாங்கி விரல்களுக்கிடையில் வைத்துப் பார்த்தார். "இது ஈரம், தம்பி. வெயிலிலை காய்ஞ்சதை எடு" என்றார். உலர்ந்த துணியை எடுத்துவந்து கொடுத்தேன். பின்பு கிற்றாரை அவர் மடியிலே வைத்து, ஒரு தந்தியைச் சுண்டிப் பார்க்கும்படி சொன்னேன். தயங்கினார். சுண்டினார். அந்த ஒலி அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, அவரே அந்தத் தந்தியைத் துடைத்தார்.